ஈரச் சேலைப் பாட்டைப் பற்றி வசுவுக்கு

என் வசுவுக்கு,

அன்றைக்கு மேடையில் அந்தத் துண்டுச் சீட்டை உன்னிடம் நகர்த்தாமல் என் மடியிலேயே வைத்திருந்தால், நீ நிரவலை முடித்திருப்பாயா? ஆறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடை தெரியவில்லை. நீ இருந்தவரை உன்னிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நீயாகவும் சொல்லவில்லை.

நாளை அதே மாட்டுங்கா சபாவில் உன் பாட்டைப் பாடுகிறார்கள். நீ போய் ஒரு வருடம் ஆன நினைவாக. விழாவுக்கு ‘எல்லை கடந்த இசை’ என்று பெயர். வாசலில் ஆளுயர பேனரில் நீ. உனக்குப் பிடிக்காத மாம்பழ மஞ்சள் புடவைப் படத்தைத்தான் தேடிப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். பாடப்போகிறவள் செம்பூர்ப் பெண், நல்ல குரல். வயலின், மிருதங்கத்தோடு செல்லோவும் உண்டு. உன் பாட்டுதான் கச்சேரியின் மெயின். நிரவல், ஸ்வரம், மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் எல்லாம் அதற்குத்தான். நீ கேட்ட இடம். நீ கேட்டபோது இல்லை என்ற இடம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். என் கணவரின் தங்கை நீ. மும்பை தாராவியில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். அங்கே ஆயாவாக இருந்தவர் செல்லத்தாய், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மழைக்காலத்தில் வகுப்பறையைப் பெருக்கிக்கொண்டே தானே கட்டிய வரிகளைப் பாடுவார். ஒரு நாள் நீ அவற்றைக் கரும்பலகையில் எழுதிவைத்தாய்.

காயாத சேலையத்தான் இன்னைக்கும் கட்டிக்கிட்டேன்
ஒடம்புச் சூட்டுலதான் மெதுவாக் காயுதம்மா

இரண்டே சேலை வைத்திருப்பவளின் மழைக்காலம். அதற்கு மேல் அந்தப் பாட்டில் ஒன்றும் இல்லை. நீ அதைச் சுபபந்துவராளி ராகத்தில் அமைத்து, நம் வீட்டுக் கூடத்தில் அவரை உட்காரவைத்துப் பாடிக் காட்டினாய். செல்லத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“ஏன் டீச்சர், நா ரெண்டு நிமிசத்துல பாடுதத நீங்க முக்கா மணி நேரமா இழுக்கிய. அதுக்குள்ள சேலயே காஞ்சிருமே.”

“காயவிட மாட்டேன், செல்லத்தாயி” என்றாய்.

நான் சிரிக்கவில்லை. கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள். வசதியுள்ளவர்கள் இல்லாதவர்களின் கஷ்டத்தில் ராகம் தேடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று உன்னிடம் சொன்னேன். “சந்தேகப்படறதுக்கு உங்களுக்குச் சம்பளம் தரா மன்னி, நன்னா படுங்கோ” என்றாய்.

சபாச் செயலாளரைப் பார்க்க நானும் உன்னோடு வந்தேன். அவர் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார். “பிரமாதம்மா. ஆனா இத மெயினா வெச்சா யார் உக்காந்து கேப்பா? தனி முடிஞ்சப்பறம் துக்கடாவா அஞ்சு நிமிஷம் பாடிடு. பாதிப் பேர் காபிக்கு எழுந்துண்டிருப்பா. ஒருத்தரும் ஆட்சேபிக்க மாட்டா.”

தலையாட்டிவிட்டு வந்தாய். மேடையில் மெயினாக அதையே எடுத்தாய். வயலின்காரர் கூட எதிர்பார்க்கவில்லை. பின்னால் தம்பூராவோடு நான் இருந்தேன். “ஒடம்புச் சூட்டுலதான்” என்ற வரியையே மாற்றி மாற்றி விரிக்கும் நிரவல் தொடங்கி மூன்றாவது சுற்றில், மேடை ஓரத்திலிருந்து சீட்டு வந்தது. சீட்டு வருவது புதிதல்ல. ரசிகர்கள் பிடித்த பாட்டை எழுதி அனுப்புவார்கள், அது தம்பூரா போடுகிறவர் கை வழியாகப் பாடகரிடம் போகும். இதில் பாட்டின் பெயர் இல்லை. ‘பெரியவா சிலர் எழுந்து போறா. போதும், மங்களம் பாடவும்.’

படித்தேன். உன் பக்கம் நகர்த்தினேன். அது என் வேலை என்று நினைத்தேன். நீ சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாய். வரியைப் பாதியில் விட்டு மங்களத்துக்குப் போனாய். மிருதங்கக்காரருக்கு அன்று தனி ஆவர்த்தனமே இல்லாமல் போயிற்று.

அந்த மேடை அதன் பிறகு உனக்குக் கிடைக்கவில்லை. நெருளில் ஒரு வீட்டுக் கச்சேரியில் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்றாய். சரியாகத்தான் இருந்தது. நோயெல்லாம் பிறகுதான் வந்தது.

இப்போது காலம் மாறிவிட்டதாம். மீனவர் பாட்டில் பல்லவி பாடுகிறார்கள். போன மாதம் ஒருவர் புதுக்கவிதையைத் தாளமே இல்லாமல் ஆலாபனை மாதிரிப் பாடினார். போய்க் கேட்டேன். நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கசக்கிறது. மோசமாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

நாளைய நிகழ்ச்சி நிரலில் உன் பாட்டுக்குக் கீழே ‘இசை: வசுமதி. சாகித்யம்: நாட்டுப்புற மரபு’ என்று அச்சடித்திருக்கிறார்கள். வரிகளைக் கட்டிய செல்லத்தாயின் பெயர் இல்லை. செயலாளருக்குப் போன் செய்தேன். அதே செயலாளர்தான்.

“இந்த மாதிரிப் பாட்டெல்லாம் ஜனங்களோட சொத்தும்மா. ஒருத்தர் பேரைப் போட்டா அந்த அழகு போயிடும்.”

“ராகமும்தான் ஜனங்களோட சொத்து. மெட்டுக்கு வசு பேரைப் போட்டிருக்கேளே?”

“நீ கிளாஸ்ல பேசற மாதிரியே பேசறே” என்று வைத்துவிட்டார்.

செல்லத்தாய் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அம்பர்நாத்தில் மகனோடு இருக்கிறார். அவரையும் கூப்பிட்டேன். “வசு டீச்சர் பாட்டா? வாரேன். மெயினுங்கீயளே, அது பெரிய சங்கதியா?” என்று கேட்டார். பெரிய சங்கதிதான் என்றேன். உன் பாட்டு என்று அவரும் சொல்லிவிட்டார், பார்த்தாயா?

ஆகையால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நாளை பாடுகிறவள் வாயாலேயே செல்லத்தாயின் பெயரைச் சொல்ல வைப்பேன். முன்வரிசையில் உட்கார்ந்து, தன் வரியின் நிரவலை அவர் முழுசாகக் கேட்பார்.

இப்போது மறுநாள் இரவு. இதைத் தபாலில் சேர்க்க உனக்கு முகவரி ஏது? அதனால் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

செல்லத்தாய் ஐந்து மணிக்கே வந்தார். முன்வரிசையில் ஓர் இடம் பார்த்து உட்காரவைத்துவிட்டு, பாடுகிறவளைத் தேடி உள்ளே போனேன். “எனக்கு யாருமே சொல்லலையே ஆண்ட்டி” என்றவள் பேனாவை வாங்கி உள்ளங்கையில் பெயரை எழுதிக்கொண்டாள். மேடை ஓரத்திலேயே நின்றேன். நிரவலுக்கு முன்னால் நிறுத்தி, “இந்த வரிகளை எழுதியவர் செல்லத்தாய் அம்மா. இங்கே வந்திருக்கிறார். கொஞ்சம் எழுந்து நிற்க வேண்டும்” என்றாள். பலத்த கைதட்டல். யாரும் எழுந்திருக்கவில்லை. செல்லத்தாயை நான் உட்காரவைத்த நாற்காலியில் ஒரு நகைக்கடை முதலாளி உட்கார்ந்திருந்தார். அவரும் கைதட்டிக்கொண்டே பின்னால் திரும்பித் தேடினார்.

வாசலில் நின்ற தொண்டர் பெண்ணைக் கேட்டேன். “ஆண்ட்டி, வோ டோனர் லோக் கா ரோ தா” என்றாள். அது நன்கொடை கொடுத்தவர்களின் வரிசையாம்.

செல்லத்தாயைப் போனில் பிடித்தபோது ரயில் சத்தம் கேட்டது.

“குர்லா தாண்டியாச்சு. அந்தப் பிள்ள எந்திரின்னுச்சு, எந்திச்சிட்டேன். பின்னால எடமில்ல. எம்புட்டு நேரம் நிக்க? பாட்டு நல்லாருந்துச்சா?”

நன்றாக இருந்தது என்றேன்.

உன் மன்னி