பனிக்காட்டு வேட்டைக்காரனும் நாற்காலி டிக்கெட் மேஸ்திரியும்

மார்கழி 8, வியாழன்

காலையில் நல்ல குளிர். வைகைப் பக்கம் ஒரே மூட்டம். பிரஸ்ஸில் பயாஸ்கோப் நோட்டீசுக்குப் புரூஃப் பார்த்தேன். 'பழிக்குப் பழி' என்பதற்கு இருப்பதிலேயே பெரிய எழுத்து போடச் சொன்னார் முதலாளி. கரடிச் சண்டைக்கு அதைவிடச் சின்னது. நாளை முதல் காட்சி. எனக்கு நாற்காலி வரிசைக்கு இலவசப் பாஸ். அங்கே உட்காரமாட்டேன். அங்கிருப்பவர்கள் படம் பார்ப்பதில்லை, அடுத்தவர் ஜரிகையைப் பார்க்கிறார்கள்.

என் கதை பட்டணத்துப் பத்திரிகையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. 'தரித்திரம் சற்று அதிகம்' என்று ஆசிரியர் குறிப்பு. எங்கள் விளாங்குடிக்கு வந்து அவரே குறைத்துக் கொடுக்கட்டும்.

வாங்க வேண்டியது: விளக்குத் திரி, பிளேடு, பக்கத்து வீட்டுக் கருப்பையா அண்ணனுக்கு வேப்பெண்ணெய்.

அவர் இன்னும் காலை ஊன்றவில்லை. பஞ்சாலையில் பொதி சரிந்து முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. மேஸ்திரி அவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டான். நேரே ஆலைக்குத் திரும்பி, 'அவன் முந்தின நாளே வேலையை விட்டு நின்னுட்டான், குடிச்சுட்டு எங்கயோ விழுந்து கிடந்தான்' என்று துரையிடம் சொல்லிவிட்டான். பீடிகூடக் குடிக்காத மனுஷன். கண்ணால் கண்ட இரண்டு பேரும் மேஸ்திரியின் கையாட்கள். அவ்வளவுதான், நஷ்டஈடு கிடையாது, முடிந்தது வழக்கு.

மார்கழி 9, வெள்ளி

படம் பார்த்தோம். க. அண்ணனைக் கட்டைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். தரை டிக்கெட், மணலில் இடம். பாதிப் பேர் ஆலை ஆட்கள்.

கதை இவ்வளவுதான். எங்கோ வெள்ளைக்காரன் ஊரில் ஒரு பனிக்காடு. தோலுக்காக மிருக வேட்டை ஆடும் ஒரு கூட்டம். ஒருவன் கால்மேல் மரம் விழுகிறது. கூட்டத் தலைவன் அவனுடைய துப்பாக்கி, பூட்ஸ், தோல் மூட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, உயிரோடு கிடப்பவனை இலை போட்டு மூடிவிட்டுப் போகிறான். தோல் வாங்குகிறவர்களின் கோட்டைக்குப் போய் 'செத்துட்டான்' என்கிறான். கிடந்தவன் தவழ்ந்து, பச்சை மீன் தின்று, கரடியோடு மல்லுக்கட்டி, தலைவனைத் தேடி வருகிறான்.

பனி கொட்டியதும் தரை டிக்கெட்டில் ஒரே கூச்சல். "ஏ, அம்புட்டும் பஞ்சுடா!" நிஜமாகவே இரண்டு மூன்று பேர் இருமினார்கள். ஒருவர் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டார். நாற்காலிப் பக்கம் சிரிப்பு. ஆலைக்குள் ஒரு நாள் நின்றிருந்தால் சிரிக்கமாட்டார்கள்.

கரடி வந்தபோது க. அண்ணன் என் தொடையைக் கிள்ளிய இடம் கன்றிப்போயிருக்கிறது.

பேசாத படம்தானே. திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்று காதர் பாய் கதை சொல்கிறார். பழைய நாடகக்காரர், வெண்கலக் குரல். ஒவ்வொரு ரீலும் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை விளக்குப் போடுகிறார்கள். சோடா, முறுக்கு, சண்டை. அப்போது பாய் கூட்டத்துக்குள் நடந்து, ஜனங்கள் என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுக்கிறார். அடுத்த ரீலில் அவர்களுக்குத் தகுந்தாற்போல் கதை திரும்பிவிடும். இந்த வேலையை எந்தப் பத்திரிகை ஆசிரியரும் செய்வதில்லை.

கடைசி ரீலில் ஆற்றங்கரையில் இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். நெடுநேரம் பேசுகிறார்கள். வேட்டைக்காரன் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டுப் பனிக்குள் நடந்து போகிறான். படம் முடிந்தது. ஜனங்கள் விடுவார்களா?

"என்னய்யா, சும்மா போறான்?"

"எங்க போறான் சும்மா!" என்றார் பாய். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை, ரத்தம் சிந்தக்கூடாது. சனிக்கிழமை வந்து வெட்டுறேன்னு சொல்லிட்டுப் போறான்."

கைத்தட்டலில் கொட்டகை ஆடியது. க. அண்ணன் மட்டும் தட்டவில்லை.

மார்கழி 10, சனி

க. அண்ணன் இன்றைக்கும் போக வேண்டும் என்றார். போனோம். இன்றைய முடிவு: வேட்டைக்காரன் ஏற்கனவே தலைவன் குடித்த கஞ்சியில் விஷம் வைத்துவிட்டானாம், அதனால்தான் நிம்மதியாக நடக்கிறானாம். வாழ்க காதர் பாய்.

திரும்பும்போது அண்ணன் சொன்னது: "தம்பி, அவனுக்கும் எனக்கும் அதே காலுதான். அவன் தவந்து போனான். எனக்குத் தடி இருக்குல்ல. மேஸ்திரி எந்த வழியா வீட்டுக்குப் போவான்னு எனக்குத் தெரியும்."

அவர் மனைவி சிட்டு மதினி கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் கொழுந்தனாரே, கால் போனதே போதாதா? அந்தாள எதுவும் செஞ்சுட்டு இவரு உள்ள போய்ட்டா, நானும் எம்புள்ளையும் எங்க போறது? நீங்கதான கூட்டிட்டுப் போனீக!"

நான்தான்.

பாயைத் தேடி டீக்கடைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். பாய் டம்ளரைக் கீழே வைத்தார்.

"தம்பி, உனக்கு இங்கிலீசு தெரியுமே. திரையில எழுத்து வருதே, அதுல நெசமா என்னதான் போட்டிருக்கு?"

"'உன்னை மன்னித்தேன், உன் பிள்ளைகளோடு சுகமாக இரு' என்று."

"யா அல்லா! இதைச் சொன்னா சோடா பாட்டில் பறக்கும்ப்பா."

எனக்கும் அந்த வசனம் பிடிக்கவில்லை. பூட்ஸைத் திருடியவனுக்குச் சுகம், காலை இழந்தவனுக்குப் பெருந்தன்மை. யார் எழுதியதோ, கட்டாயம் நாற்காலி டிக்கெட்காரன். ஆனால் கொலையும் வேண்டாம் பாய் என்றேன். "வேற என்னத்தச் சொல்ல?" என்று கேட்டார். டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தேன். கதை எழுதுகிறவன் என்று பெயர்.

மார்கழி 11, ஞாயிறு

இப்போதுதான் கொட்டகையிலிருந்து வந்தேன். முடிந்தவரை எழுதுகிறேன்.

பகல் காட்சி. ஞாயிறு என்பதால் கூட்டம் நெரிசல். மதினியும் வந்தார், பெண்கள் பக்கம் கயிற்றுக்கு அந்தண்டை உட்கார்ந்தார். புருஷன்மேல் ஒரு கண் வைத்துக்கொள்ள.

கடைசிக்கு முந்தின ரீல் முடிந்து விளக்கு எரிந்தது. பின்னால் நாற்காலியில் மேஸ்திரி. கஞ்சி போட்ட சட்டை, வாயில் வெற்றிலை. க. அண்ணன் பார்த்துவிட்டார். தடியை ஊன்றி எழுந்தார். மணலில் தடி இறங்க இறங்க, ஆட்களை விலக்கிக்கொண்டு அவனை நோக்கிப் போனார். நான் வேட்டியைப் பிடித்தேன், உதறிவிட்டார். முறுக்குக்காரன் தட்டை இறக்கி வைத்தான்.

"என்னடா கருப்பையா, காலு எப்படியிருக்கு?" என்றான் மேஸ்திரி, ரொம்பப் பிரியமாக.

அண்ணன் கையில் தடி மேலே எழும்பியது. மதினி "ஐயோ!" என்று கத்தினார். அந்த நேரம் விளக்கு அணைந்து, ரீல் ஓடத் தொடங்கியது. அண்ணன் வெளிச்சத்துக்குக் குறுக்கே நின்றார். திரையில் அவருடைய கறுப்பு நிழல், தூக்கிய தடியோடு, ஆற்றங்கரையில் அந்த இரண்டு வெள்ளைக்காரர்களுக்கு நடுவே.

காதர் பாய் பிரம்பால் திரையைத் தட்டினார். அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

"வேட்டைக்காரன் சொல்றான், கேளுங்க. 'ஏ தலைவா, நான் உன்னைக் கொல்ல வரல. உன் ரத்தம் எனக்கெதுக்கு? அது என் காலை ஒட்டவைக்குமா? நான் வேலையில நிக்கும்போதுதான் என்மேல விழுந்துச்சு. இந்த ஒரு வார்த்தையை இத்தனை பேர் முன்னால நீ உன் வாயால சொல்லு. போயிடுறேன்.'"

திரையில் தலைவனுக்கு வாய் அசைந்தது. அசைந்துகொண்டே இருந்தது. பாய் பேசவில்லை.

"என்ன சொல்றான்? சொல்லுங்க பாய்!"

"எனக்குக் கேக்கலப்பா. பின்னால கேளுங்க."

தரை டிக்கெட் முழுக்க முதுகைத் திரைக்குக் காட்டித் திரும்பியது. மெஷின் சத்தம் மட்டும். மேஸ்திரி எழப் பார்த்தான், சுற்றிலும் ஆட்கள், வெளியேற வழியில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அவன் பெண்டாட்டி, ஒன்றும் விளங்காமல், எரிச்சலோடு: "உங்களத்தான கேக்குறாக, வாயில என்ன கொழுக்கட்டையா? தெரிஞ்சதச் சொல்லிட்டு உக்காருங்க, படம் ஓடுதுல்ல!"

"வேலையிலதான்... இருந்தான்" என்று முனகினான் மேஸ்திரி.

"கேக்கல!" என்றது தரை.

"வேலையிலதான்யா இருந்தான்! பொதி சரிஞ்சது!"

அண்ணன் தடியை இறக்கி, அதன்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அழுதார். மதினி கயிற்றைத் தாண்டி ஓடிவந்தார். படம் எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது.

மார்கழி 12, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. ஆலை வாசலில் உட்கார்ந்து பென்சிலால் எழுதுகிறேன்.

எதிர்பார்த்ததுதான். காலையில் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்து துரையிடம் நியாயம் கேட்டோம். மேஸ்திரி, 'நான் எங்கடா சொன்னேன், பயாஸ்கோப்புல யாரோ கூத்தடிச்சான்' என்றுவிட்டான். துரை உள்ளிருந்து குமாஸ்தாவை அனுப்பினார். அவர் மேஜையை வாசலுக்குத் தூக்கிவரச் சொல்லி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கேலியாக, "மேஸ்திரி சொன்னதைக் காதால கேட்டவன் எவன்டா? பேரைக் கொடுங்க பார்ப்போம்" என்றார்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த ஒருவர், தலையெல்லாம் பஞ்சு, முன்னால் வந்து பெயரைச் சொன்னார். அடுத்து படத்தில் மூக்கைக் கட்டிக்கொண்டவர். பிறகு வரிசை ஆகிவிட்டது. சோடாக்காரன் நிற்கிறான். காதர் பாய் சட்டைக்கு மேலே கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார், தொண்டை கட்டி ஒரு சத்தமும் வரவில்லை, விரலால் காதைத் தொட்டுக் காட்டுகிறார். க. அண்ணனைப் புளியமர நிழலில் உட்காரவைத்திருக்கிறோம். வருகிறவர்கள் எல்லாரையும் ஒவ்வொருவராகப் பார்த்துச் சிரிக்கிறார்.

குமாஸ்தாவுக்கு மை தீர்ந்துவிட்டது. எடுத்துவர உள்ளே போயிருக்கிறார். திரும்பி வரத் தாமதமாகிறது. வெயில். ஒருவரும் வரிசையை விட்டு நகரவில்லை. நானும் வரிசையில்தான், எனக்குப் பின்னாலேயே ஏழெட்டுப் பேர் வந்து நின்றுவிட்டார்கள்.