பழைய டிரான்ஸ்பார்மர் ஒரு நாளைக்கு வேண்டும்

அனுப்புநர்:
சி. விஜயஸ்ரீ,
உதவிப் பேராசிரியர் (வேதியியல்), பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளர்,
சிந்துபூந்துறை, திருநெல்வேலி.

பெறுநர்:
உதவி மின் பொறியாளர் அவர்கள்,
மின் விநியோகம், மேலக்கரைப் பிரிவு,
திருநெல்வேலி.

பொருள்: தங்கள் பிரிவு சீராக வழங்கிவரும் மின்சாரத்தை ஒரு பகல் மட்டும் சீர்கெடுத்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே ஆள், இதே அலுவலகத்துக்கு, இதற்கு நேர்மாறாக அனுப்பிய முந்தைய மனுக்கள் அனைத்தும்.

மதிப்பிற்குரிய அய்யா,

1. என் கையெழுத்தைக் கண்டதும் தங்கள் அலுவலகத்தில் ஒரு பெருமூச்சு எழுந்திருக்கும். அங்கே எனக்கு 'கம்ப்ளெயிண்ட் டீச்சர்' என்று பெயர் என்பதும் தெரியும். அந்தப் பெயருக்கு நான் முழுத் தகுதி உடையவள். ஆனால் இம்முறை மின்சாரம் வரவில்லை என்று எழுதவில்லை. நிற்காமல் வருகிறது என்பதே என் குறை.

2. என் வேலையைச் சுருக்கமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். துத்தநாகமும் காற்றும் கொண்டு இயங்கும் மின்கலம் ஒன்று உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜனை அது உள்ளே இழுத்து மின்சாரமாக்க, அந்த வினையைத் தூண்டிவிட ஒரு பொருள் தேவை. பிளாட்டினம் அதைப் பிரமாதமாகச் செய்யும். அதன் விலையைக் கேட்டால் எங்கள் கல்லூரி மயங்கி விழும். எனவே பிளாட்டினத்துக்குப் பதிலாக, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கொண்ட கரித்தூளை வைத்துச் சமாளிக்கலாமா என்று உலகெங்கும் பலர் பார்க்கிறார்கள். நானும் பார்க்கிறேன். ஆழ்வார்திருநகரிப் பக்கத்துத் தோட்டங்களில் தார் வெட்டியபின் சாய்த்துப் போடும் வாழைத்தண்டைச் சாக்கில் கட்டிப் பஸ்ஸில் கொண்டுவந்து, காயவைத்து, யூரியா கலந்து, நைட்ரஜன் வாயு ஓடும் உலையில் தொள்ளாயிரம் டிகிரியில் வேகவைக்கிறேன். என் கணவர் சிவசங்கரன் உறவினர்களிடம் இதை, "அவ வாழத்தண்டக் கருக்குதா" என்று விளக்குவார். பிழை சொல்ல முடியாத விளக்கம்.

3. ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் தெருமுனையில் இருந்த தங்கள் பழைய டிரான்ஸ்பார்மர், என் உலையைப் பாதிச் சமையலில் கைவிடுவதை வழக்கமாகக் கொண்டிருந்தது. விளக்கு மங்கும், பளிச்சென்று எரியும், அணையும், மன்னிப்புக் கேட்பது போல மறுபடி வரும். நான் உடனே மனு எழுதுவேன். 'தங்கள் அலட்சியத்தால் ஒரு விஞ்ஞானம் கருகிக்கொண்டிருக்கிறது' என்று ஒரு மனுவில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். கருக்குவதுதான் என் தொழில் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

4. சென்ற ஐப்பசி மழையில் ஒரு நாள், மின்சாரம் பகல் முழுவதும் கண்ணாமூச்சி ஆடியது. உலையிலிருந்த தூளை வழக்கம்போல் குப்பையில் கொட்டாமல், ஊறுகாய் பாட்டிலில் போட்டு, 'மின்வெட்டால் நாசமானது' என்று சீட்டு ஒட்டினேன். அது எவ்வளவு மோசம் என்பதைச் சோதித்து, அந்த வரைபடத்தைத் தங்களுக்கு ஆதாரமாக அனுப்பி, தங்களைத் தலைகுனிய வைப்பது என் திட்டம். பொறுக்கமாட்டாமல், 'வரைபடம் பின்னர் வரும்' என்று எழுதி மனுவை முதலில் அனுப்பிவிட்டேன்.

பிறகு சோதித்தேன். அந்தத் தூள் பிளாட்டினத்துக்கு இணையாக வேலை செய்தது. நான் ஒழுங்காகச் செய்த எந்தத் தூளும் அதன் கிட்டக்கூட வந்ததில்லை. கருவியில்தான் கோளாறு என்று மறுநாளும் சோதித்தேன். அதே வரைபடம். ஆய்வுக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அய்யா. சந்தோஷத்தில்தான். அந்த வரைபடத்தை மட்டும் தங்களுக்கு அனுப்பவில்லை.

5. மனுவைத் திரும்பப் பெற ஓடி வந்தேன். தெருமுனைக்கு வரும்போதே, கம்பத்தில் புது டிரான்ஸ்பார்மரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தங்கள் சுறுசுறுப்பை நான் அதுவரை சந்தேகித்ததற்கு வருந்துகிறேன். தெருக்காரர்கள் என்னை மறித்து நிறுத்தி, எல்லாம் டீச்சரால் வந்தது என்று பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் போட்டோவில் நான் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவள் போல நிற்கிறேன்.

6. 'சுவிட்சை நீயே அணைத்துப் போட வேண்டியதுதானே' என்று தாங்கள் கேட்கலாம். போட்டேன். நாள் முழுக்க உலையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து அணைத்து அணைத்துப் போட்டேன். சாப்பாடு கொண்டுவந்த சிவசங்கரன், "ஏட்டி, கரண்டு போவுதுன்னு ஊரையே ரெண்டாக்குன, இப்ப நீயே அமத்துதியே" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். இயற்பியல் துறையில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் கருவியை இரவல் வாங்கியும் திருகிப் பார்த்தேன். சாதாரணக் கரிதான் வந்தது. அடுத்து எப்போது திருகப் போகிறேன் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது. பழைய டிரான்ஸ்பார்மருக்கு இருந்த அலட்சியம் என் கைக்கு வரவில்லை.

தங்கள் லைன்மேன் பிச்சைக்கண்ணு அண்ணாச்சியிடமும் தனியாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் கம்பத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "டீச்சரம்மா, கரண்டு வேணும்னு கேட்ட ஆளத்தான் பாத்திருக்கேன். போவணும்னு கேக்குத ஆள இப்பத்தான் பாக்கேன். ஆபிசரய்யாகிட்ட எழுதிக் குடுங்க" என்றார். அதன்படியே இம்மனு.

7. இது விளையாட்டு மனு அல்ல என்பதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். பாட்டிலில் மிச்சம் ஒரு சிட்டிகைதான். இந்தத் தூளைப் பற்றி நானும் என் வழிகாட்டியும் எழுதி அனுப்பிய கட்டுரையைப் படித்த ஆய்விதழ்க்காரர்கள், அதே தூளைப் புதிதாக இன்னொரு முறை செய்து காட்டச் சொல்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். ஒரே ஒரு தடவை வந்தது கண்டுபிடிப்பு ஆகாது. அது எனக்கு நேர்ந்த ஒரு சம்பவம், அவ்வளவுதான். என் வழிகாட்டி பேராசிரியர் அனந்தநாராயணன் இந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறார். "மறுபடி பண்ணிக் காட்டும்மா, இல்லேன்னா அந்த அத்தியாயத்தையே எடுத்துடு" என்று சொல்லிவிட்டார். அதை எடுத்துவிட்டால் என் ஆய்வேட்டில் மிஞ்சுவது வாழைத்தண்டும் அட்டையும். வேறு வழிகாட்டியிடம் முதலிலிருந்து தொடங்கும் வயதும் தெம்பும் எனக்கு இல்லை. பயமாக இருக்கிறது, அய்யா.

8. ஆகவே, தங்கள் அலுவலகப் பின்முற்றத்தில் வேப்பமரத்தடியில் கிடக்கும் அந்தப் பழைய டிரான்ஸ்பார்மரை, ஏலத்தில் போகுமுன், ஒரு பகலுக்கு என் ஆய்வுக்கூடத்துடன் மட்டும் இணைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தெருவிளக்குகளும் மற்ற வீடுகளும் வழக்கம்போல் எரியட்டும். எனக்குப் போர்த்திய பொன்னாடையைப் பறிக்கும் நிலை வேண்டாம். தூள் மறுபடி வராவிட்டால் கட்டுரையை நானே திரும்பப் பெற்றுக்கொள்வேன். தங்கள் மீது ஒரு வரிகூட எழுத மாட்டேன். வந்துவிட்டால், என் ஆய்வேட்டின் நன்றியுரையில் வழிகாட்டிக்கு அடுத்த இடம் அந்த டிரான்ஸ்பார்மருக்கு.

தங்கள் பழைய தொல்லையும் புதிய நன்றியும் ஒருசேர,

(ஒப்பம்)
சி. விஜயஸ்ரீ

இடம்: திருநெல்வேலி
நாள்: 12.02.2025

இணைப்பு: முன்பு 'பின்னர் வரும்' என்று சொன்ன வரைபடம். தாமதத்துக்கு வருந்துகிறேன்.

பின்குறிப்பு: ஆய்வுக்கூட மேசையில் இம்மனுவில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தபோது மின்விசிறி தயங்கியது. விளக்கு மங்கி, பளிச்சென்று எரிந்து, மறுபடி மங்கியது. புது டிரான்ஸ்பார்மர் வந்தபின் இதுவே முதல் முறை. அசல் பழைய குணம். உலைக்கு ஓடினேன். உலை காலியாக, சில்லென்று இருந்தது. மனு எழுத உட்கார்ந்ததால் இன்று எதையும் வேகவைக்கவில்லை. இப்போதாவது வைப்போம் என்று ஒரு கையால் தண்டுப்பொடியை அள்ளும்போதுதான் கவனித்தேன். என் இன்னொரு கை, பழக்கதோஷத்தில், தங்கள் புகார் எண்ணுக்குப் போன் போட்டிருந்தது. வாய் முகவரியையும் சொல்லி முடித்திருந்தது. நான் உலையை மூடுவதற்குள் பிச்சைக்கண்ணு அண்ணாச்சி வந்து சரிசெய்துவிட்டார். அந்தப் புகாரை ரத்து செய்து, அவர் சரிசெய்ததை அப்படியே திரும்பக் கெடுத்துவைக்கச் சொல்லுமாறு வேண்டுகிறேன். உலை இப்போது சூடாகிக்கொண்டிருக்கிறது.