காய்ச்சல்னு சொல்லு

ஜூன் 4

ஊரெல்லாம் தொற்றுக் காய்ச்சல். ஆஸ்பத்திரி வாசலை மூடிவிட்டார்கள். இனிமேல் காய்ச்சல்காரர்களுக்கு மட்டும்தான் வழி. சலவைக்கூடத்தில் எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை.

வீட்டுக்கு வந்தால் குருவி மூலையில் சுருண்டு கிடக்கிறாள். என் தங்கை. பெயருக்கேற்ற உடம்பு. "முழுகாம இருக்கேன்க்கா. நாலு மாசம் தாண்டிடுச்சு. உன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு."

குருவிக்கு இரண்டாவது மகள், சின்னவள், பிறந்தபோதே டாக்டரம்மா கண்டித்துச் சொன்னார்: இதயம் பலவீனம், இன்னொரு பிரசவத்தைத் தாங்காது. கருத்தடை மாத்திரை தரும் சுகாதார நிலையம் காய்ச்சலால் மூடிக் கிடந்தது. யாரை நோவது?

ஜூன் 6

ஐந்து மாதத்துக்குள் இரண்டு டாக்டர்கள் பார்த்துச் சரி சொன்னால் கலைக்கலாம். சட்டம் இருக்கிறது. ஆனால் டாக்டர்கள் உள்ளே, குருவி வெளியே. சலவைக்காரி எனக்கும் வார்டுப் பக்கம் போக அனுமதியில்லை. தனியார் பக்கம் தலைவைக்க எங்களால் ஆகாது.

வாட்ச்மேனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "காய்ச்சல் இருந்தா வரச் சொல்லும்மா. இல்லன்னா என் வேலை போயிடும்."

ஜூன் 7

ஆபரேஷன் தியேட்டர் பூட்டிக் கிடக்கிறதாம். அப்புறம் எப்படி இன்றைக்கு அந்தப் பச்சைத் துணிகள் சலவைக்கு வந்தன? ஆயாவைக் கேட்டேன். "பெரிய இடத்துப் பொண்ணு, கலைக்க வந்தா. கார் பின்வாசல்ல வந்துச்சு. நமக்கெதுக்குடி வம்பு?"

ரத்தக்கறையை நான்தான் துவைச்சேன்.

ஜூன் 8

நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "காய்ச்சல்னு சொல்லு. உள்ள போனதும் டாக்டரம்மா கால்ல விழுந்துடு." கள்ளி, என்னமா இருமினாள்! வாட்ச்மேன் பயந்துபோய் வழிவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜூன் 9

ஐயோ. காய்ச்சல் வார்டுல போட்டுப் பூட்டிட்டாங்க. காய்ச்சலே இல்லைன்னு இவ கதறியிருக்கா. "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. மூணு வாரம் கழிச்சுத்தான் வெளிய. பிரசவ டாக்டருங்க இந்தப் பக்கம் வரக்கூடாது"ன்னு நர்ஸ் சொல்லிட்டாளாம்.

மூணு வாரம்! என் வாய்ல மண்ணு விழ.

ஜூன் 17

வார்டு ஜன்னலுக்குக் கீழே நின்று கத்திப் பேசினேன். "நான் நல்லாத்தான் இருக்கேன், நீ பிள்ளைங்களைப் பாரு" என்கிறாள். யாரை ஏமாற்றுகிறாள்?

ஜூன் 23

வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஜூன் 30

விட்டுவிட்டார்கள். கடைசிவரை காய்ச்சல் வரவேயில்லை. வாசலுக்குப் போகாமல் நேராக டாக்டரம்மாவிடம் ஓடினோம். வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அஞ்சு மாசம் தாண்டிடுச்சும்மா. இனிமே பெரிய டாக்டருங்க மேல்குழு கூடி அனுமதி தரணும். காய்ச்சல் அடங்கறவரைக்கும் அவங்க கூடமாட்டாங்க."

"செத்துப்போயிடுவாளே டாக்டர்!"

"உயிர் போற நிலைமை வந்தா உடனே செய்யலாம். சட்டத்துல இடமிருக்கு."

அதுவரைக்கும்? சாகக் கிடந்தாத்தான் கண்ணுல படுவாளா? கத்தினேன். குருவிதான் என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாக்கா, பிள்ளைங்க பசியோட இருக்கும்."

செப்டம்பர் 2

குழு இன்னும் கூடவில்லை. நாலு எட்டு வைத்தால் குருவிக்கு மூச்சு வாங்குகிறது. கால்கள் வீங்கிவிட்டன.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். பெரியவளை உட்காரவைத்து, சின்னவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். "இறுக்காதடி, வலிக்கும். அழுதா திட்டாம, கொஞ்ச நேரம் விட்டுட்டுப் பின்னு."

என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "பெரியம்மாவுக்கு காலையில வேலைக்கு ஓடணும்ல. அதான்."

பெரியவளுக்கு வகிடு கோணலாகத்தான் வருகிறது. அவிழ்த்து மறுபடி பின்னச் சொன்னாள்.