கூடைக்கு அடி எதற்கு?

திண்டுக்கல்,
வெள்ளி

அன்பு மாமா,

போனில் சொன்னால் பாதியிலேயே கோபப்படுவீங்க. அதனால்தான் எழுதி, போட்டோ எடுத்து மஸ்கட்டுக்கு அனுப்புகிறேன்.

இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நம்ம பொண்ணு தர்ஷினி உங்களிடம் பேசிய இங்கிலீஷ் எல்லாம் நான் எழுதியது. செல்லுக்குப் பின்னால் நோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "இங்கிலீஷ் வரலைன்னா ஜூன்ல ஹாஸ்டல்தான்" என்றீங்களே, அந்தப் பயம். அவளுக்கு ஏழு வயசுதான் மாமா.

இப்போது பாடப்புத்தகத்தை ஓரம் வைத்துவிட்டு, விளையாட்டுகள் எப்படிப் பிறந்தன என்று இங்கிலீஷில் சேர்ந்து வாசிக்கிறோம். இன்று கூடைப்பந்து. ஆரம்பத்தில் நம்ம நத்தத்து மாங்காய்க்கூடை மாதிரி நிஜப் பழக்கூடையைத்தான் மாட்டினார்களாம். பந்து உள்ளே விழும் ஒவ்வொரு தடவையும் ஏணி வைத்து ஏறிப் பந்தை எடுத்தார்களாம்.

படத்திலிருந்த கூடையின் அடியில் விரல் வைத்தவள், "வொய் நோபடி கட் தி பாட்டம்?" என்றாள். கூடையின் அடியை ஏன் யாருமே வெட்டவில்லை என்று கேட்கிறாள். நான் எழுதிக் கொடுக்காமல் அவளே பேசிய முதல் இங்கிலீஷ்.

"தெரியலடி" என்றேன்.

"அப்பாட்ட கேக்கவா? திட்டுவாகளாம்மா?"

ஞாயிற்றுக்கிழமை கேட்பாள். திருத்தாமல் பதில் சொல்லுங்க. அதற்கப்புறம் ஹாஸ்டலை முடிவு பண்ணுங்க. பதில் உங்களுக்கும் தெரியாவிட்டால், தெரியாது என்றே அவளிடம் சொல்லுங்க மாமா.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா