குடிசையில் மூன்று கத்ரீனா மாரிசன்கள்

லெர்விக் துறைமுகம், 20 ஜூன் 1921

பிரியமான முர்டோவுக்கு,

மக்கள்தொகைக் கணக்குக்காரர் வந்தபோது, மீனுக்கு உப்புப் போடும் வேலைக்கு வந்த எங்கள் குடிசையில் இருந்தவர்கள்: நான், கத்ரீனா மாரிசன்; கொல்லன் மகள், அவளும் கத்ரீனா மாரிசன்; செம்பட்டைத் தலைக்காரி, அவளும் கத்ரீனா மாரிசன். கர்த்தர் கிருபையால் மூவரும் சுகம். உங்கள் முதுகுவலி தேவலையா?

“ஏம்மா, உங்க தீவுல வேற பேரே கிடைக்கலையா?” என்றார் அவர்.

“ஒரே ஒருத்தன்தான் பலகையப் பிடிச்சிக்கிட்டுக் கரை ஒதுங்கினானாம். நாங்க எல்லாம் அவன் வம்சம்” என்றாள் செம்பட்டை.

“அந்தப் பலகையில இன்னொருத்தனுக்கு இடமில்லாமப் போச்சே!” என்றார் கணக்குக்காரர்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே தபால் வந்தது. ‘கத்ரீனா மாரிசன்’ என்று ஒரே கடிதம். நம் ஊருக்குப் புதிதாக வந்த வாத்தியார் யாருக்காகவோ எழுதிக் கொடுத்தது. எங்களைப் பிரித்துச் சொல்லும் பட்டப்பெயரைப் போடுவது மரியாதையில்லை என்று விட்டுவிட்டார் போலும். ‘நம் மகளுக்குக் காய்ச்சல், ஜெபம் செய். உன் கணவன், மாரிசன்.’

எங்கள் மூவரின் புருஷன்மாரும் மாரிசன்தான், மூவருக்கும் மகள் உண்டு.

“உன் பொண்ணா இருக்காதுடி” என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டோம். என் பிள்ளையாக இருக்கக் கூடாது என்று ஜெபிக்க நா எழவில்லை. அந்தக் காய்ச்சல் பிறகு இவர்களில் ஒருத்தி வீட்டுக்கல்லவா போகும்? மூவரும் மண்டியிட்டு, ‘மகள்’ என்று மட்டும் சொல்லி ஜெபித்தோம்.

இங்கே இப்போது கோடையில் இரவிலும் வானம் இருட்டுவதேயில்லை. கண்ணயர்ந்த நேரத்தில் அந்தப் பலகைக்காரர் ஈரம் சொட்ட வாசலில் நின்றார். “யார் பிள்ளைக்கு?” என்று கேட்டேன். “எல்லாம் என் பிள்ளைதான்” என்றார்.

மீன் உப்பு விரலை அரிக்கிறது. சுற்றிக்கொள்ளப் பழந்துணி அனுப்புங்கள். நம் மகள் மோராக்கின் சட்டையாக இருந்தால் நல்லது.

தந்தி வேண்டாம், போருக்குப் பின் தந்தியைக் கண்டாலே பயம். உறைமேல் ‘முர்டோ பெண்டாட்டி’ என்று வாத்தியாரை எழுதச் சொல்லி, மோராக் எப்படி இருக்கிறாள் என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.

கத்ரீனா