சூரியத் தகடுகளில் படிந்த கருமை

பாப்பாவின் அம்மாவுக்கு அன்புடன் எழுதுவது. நான் நலம். பாப்பாவின் இளைப்பு தணிந்ததா?

இங்கே நிலக்கரி மின்நிலையத்தை ஒட்டியே சூரியத் தகடுகளும் உள்ளன. நேற்றுக் கழுவிய தகடொன்றை இன்று கைக்குட்டையால் துடைத்தேன், துணி கறுத்துவிட்டது.

நிலைய மேலாளர் சிரித்தார். "வெறும் மண்ணு சார்! நம்ம கம்பெனி வக்கீலுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். குவார்ட்டர்ஸ் ரெடி, குடும்பத்தைத் தாராளமா கூட்டிட்டு வாங்க."

"உங்க பிள்ளைங்க எந்த குவார்ட்டர்ஸ்ல இருக்காங்க?"

"அவங்க என் மாமியார் வீட்டுல இருக்காங்க. இங்க காத்து ஒத்துக்கல..." என்று இழுத்தவர், அவசரமாக டீ சொல்லி அனுப்பினார்.

அது மண்தான் என்று நிரூபணமாகும் வரை நீங்கள் இருவரும் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். தடித்த ஜன்னல் திரைகள் இரண்டு அனுப்பு. பாப்பாவிடம், அப்பாவுக்கு வேலை அதிகம் என்று மட்டும் சொல். அவளுக்கு இங்கே கட்டில் வாங்கிப் போட்டுவிட்டதைச் சொல்லிவிடாதே.

தபால் வண்டி கிளம்புகிறது.

உன்னவன்