நான் அழித்த பன்னிரண்டு வீடுகள்

அன்பு மகன் லோகேஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அப்பாவின் முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். மெல்பர்னில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். தங்கை காமினிக்குப் பாயான் பாரு தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. நீ சனிக்கிழமைதோறும் நில ஏலங்களுக்குப் போவதாகச் சொல்லி, வீடு அமைந்தால் அங்கே மாட்ட நம் கூடத்தில் தொங்கும் பழைய தோட்ட வரைபடத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். அதை அனுப்ப முடியாது ஐயா. ஃபோனில் சொல்ல வாய் வரவில்லை.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஜார்ஜ்டவுனில் ஒரு நில அளவை அலுவலகத்தில் படம் வரைந்துகொண்டிருந்தேன். பத்து காவான் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தைத் துண்டு போட்டு ஏலம் விட்டார்கள். அந்தப் பழைய வரைபடத்தைப் பார்த்து ஏலத்துக்கான படத்தை நான்தான் வரைந்தேன். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகள் பன்னிரண்டு, கிணறு, கோயில் எல்லாம் என் படத்திலும் இருந்தன. எங்கள் அலுவலக முதலாளி பார்த்துவிட்டு, "ஆள் இருக்கிற நெலத்த எவன்மா வாங்குவான்? காலி நெலமா காட்டு" என்றார். நம் ஆள்தான், தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டுக் கும்பிடு வாங்குகிறவர். நான் பிளேடை எடுத்து மையைச் சுரண்டினேன், அரை மணி நேரத்தில் பன்னிரண்டு வீடும் போயின. பிறகு அந்த ஜனங்களைத் தகரக் கொட்டகையில் தள்ளினார்கள். நிலத்தை வாங்கி, மாற்று வீடு தருவதாகச் சொன்ன கம்பெனி, இப்போது வழக்கு என்று வந்ததும் அங்கே யாருமே குடியிருக்கவில்லை என்கிறது. அதற்குச் சாட்சி என் படம். குப்பைக்குப் போன பழைய படத்தை நான் எடுத்து வந்து மாட்டினேன், வருகிறவர்கள் அழகாக இருக்கிறது என்றால் சிரித்துக்கொண்டேன். வெட்கம் கெட்டவள்.

போன வாரம் குழாய் ரிப்பேருக்குப் பக்கிரிசாமி என்று ஒருவர் வந்தார். படத்தைப் பார்த்ததும், "அக்கா, இது எங்க லயம்லா! இந்த ஓரத்து வீடு எங்களது, இது எப்படி இங்க?" என்றார். கடையில் வாங்கியது என்று பொய் சொன்னேன். அவர் அம்மா அந்தக் கொட்டகையிலேயே செத்துப்போனாராம். அதற்கு மேல் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "புல்டோசர்தான் இடிச்சதுன்னு இத்தனை நாளா அதத் திட்டிக்கிட்டு இருந்தோம், பாவம். நீங்க முன்னாடியே பிளேடால இடிச்சிட்டீங்க" என்று சிரித்தார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த மாதம் விசாரணை, அங்கே வீடு இருந்ததற்கு அவர்களிடம் ஒரு தாள்கூட இல்லை. படத்தைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை அவர்களுடைய வக்கீலிடம் வாக்குமூலம் கொடுக்கப் போகிறேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "இருபத்தேழு வருஷம் கழிச்சு ஏன் இந்த வம்பு, மகன் பேரும்லா கெடும்" என்கிறார்.

நிலம் வாங்காதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏல நோட்டீசில் உள்ள படத்தை மட்டும் நம்பிக் கை தூக்காதே. நேரில் போய் நட, கொடியில் யார் துணி காய்கிறது என்று பார்.

இத்தனை வருடம் ஏன் வாய் திறக்கவில்லை என்று எதிர்த்தரப்பில் கேட்பார்களாம். முதலில் வேலை போய்விடும் என்ற பயம், பிறகு உனக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். அதனால்தான் கோர்ட்டில் சொல்வதற்கு முன் உனக்கு எழுதிவிட்டேன்.

முருகன் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கூப்பிடு. கோபமாக இருந்தாலும் கூப்பிடு.

உன் அம்மா,
குமுதா